சிறிய அலுவலகத்துக்கு இரண்டாவது டிஎன்எஸ் சர்வர்: முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தில் 'நெட் போச்சு' என்று குரல் எழும்போது பல சமயம் நெட் நன்றாகவே இருக்கும். ரூட்டரில் விளக்கு எரியும், ஐபி முகவரிக்கு பிங் போகும். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் மட்டும் விழுந்திருக்கும். அது விழுந்தால் மெயில், பிரிண்டர், ஃபைல் சர்வர், டேலி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். ஆனால் எதுவும் உண்மையில் பழுதாகியிருக்காது.

டிஎன்எஸ் அமைப்பை 1983-ல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். இன்றும் அதற்கு அடிப்படையாக இருக்கும் ஆர்எஃப்சி 1034, 1035 ஆவணங்கள் 1987-ல் வெளிவந்தன. ஒவ்வொரு ஜோனும், அதாவது ஒரு டொமைனின் பெயர்ப் பதிவுத் தொகுப்பும், குறைந்தது இரண்டு சர்வர்களில் கிடைக்க வேண்டும் என்று அப்போதே விதித்துவிட்டார்கள். பேக்கப் சர்வர் வசதிக்காகப் பின்னால் ஒட்டிய சேர்க்கை அல்ல. தொடக்கத்திலிருந்தே அது அமைப்பின் பாதி. சிறிய அலுவலகங்கள் பலவற்றில் அந்தப் பாதி இருப்பதே இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது.

கீழே வரும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

## உங்களுக்கு இது தேவையா?

அலுவலகத்துக்குள் சொந்தப் பெயர்கள் எதுவும் இல்லை, எல்லாருக்கும் பிரவுசரும் மெயிலும் போதும் என்றால் இந்த வேலை வேண்டாம். ரூட்டரில் 1.1.1.1, 9.9.9.9 என்று இரண்டு பொது டிஎன்எஸ் முகவரிகளைக் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி ஓடும் அலுவலகத்துக்கும் வழி வேறு. அங்கே இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்றை நிறுவி, அதிலும் டிஎன்எஸ் வேலையை இயக்க வேண்டும். ஜோன்கள் டைரக்டரியோடு சேர்ந்து தாமாகவே நகலாகும்.

இந்த வழிகாட்டி இவற்றுக்கு இடைப்பட்டவர்களுக்கு. இருபது, முப்பது பேர் வேலை செய்யும் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். டேலி ஓடும் கணினி, ஃபைல் சர்வர், இரண்டு பிரிண்டர், கேமரா பதிவுப் பெட்டி, விரல்ரேகை வருகைப் பதிவு என்று பத்துப் பதினைந்து உள்பெயர்கள் இருக்கும். அங்கே லினக்ஸில் பைண்ட் 9 மென்பொருளை இரண்டு சிறிய கணினிகளில் அமைக்கப்போகிறோம். இரண்டு பழைய மினி பிசிக்களே இதற்குத் தாராளம்.

## கூகுள் டிஎன்எஸ் ஏன் பேக்கப் ஆகாது

முதலில் ஒரு பழக்கத்தை விடவேண்டும். அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வர் 192.168.10.2 என்றால், ரூட்டரில் இரண்டாவது கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 முகவரியைப் போட்டுவிட்டு 'பேக்கப் இருக்கிறது' என்று நிம்மதி அடைகிறார்கள். இதைவிடத் தொல்லையான அமைப்பு வேறு கிடையாது என்றே சொல்வேன்.

காரணம், கணினிகள் இரண்டாவது சர்வரிடம் எப்போது போகின்றன என்பதில் இருக்கிறது. முதல் சர்வரிடமிருந்து பதிலே வராதபோதுதான் அடுத்ததைக் கேட்கும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்பதும் முழுமையான பதில்தான். அது வந்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடும், வேறு யாரையும் கேட்காது. கூகுளின் சர்வருக்கு உங்கள் டேலி கணினியின் பெயர் தெரிய வழியில்லை. ஆகவே அது தயங்காமல் 'இல்லை' என்று சொல்லும்.

முதல் சர்வர் மறுபடி எழுந்தபின்னும் தொல்லை தீராது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலுமே, ஒரு சர்வர் பதில் தராமல் போனால் அடுத்ததற்குத் தாவிய கணினி அங்கேயே சிலகாலம் தங்கிவிடக்கூடும். 'இல்லை' என்ற பதிலையும் நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் சர்வர் காலையில் சில நொடிகள் தடுமாறியிருக்கும். மதியம் வரை ஒரே ஒரு மேசையில் மட்டும் டேலி திறக்காது, பக்கத்து மேசையில் திறக்கும். இணையம் மட்டும் எல்லா மேசையிலும் வரும். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நாளே போய்விடும்.

ஆகவே டிஎன்எஸ் பேக்கப்புக்கு ஒரே ஒரு நிபந்தனை: எந்தக் கேள்விக்கும் முதல் சர்வர் சொல்லும் அதே பதிலை இரண்டாவதும் சொல்ல வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

## பெயரையும் எண்களையும் முடிவு செய்யுங்கள்

நிறுவனத்துக்குச் சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழ் ஒரு கிளைப்பெயரை உள்வேலைக்கு ஒதுக்குவது மிக நல்லது. இல்லையென்றால் '.இன்டர்னல்' என்று முடியும் பெயரை வையுங்கள். தனியார் உள்வலைகளுக்காகவே அதை ஐகான் அமைப்பு 2024-ல் ஒதுக்கிவைத்தது. '.லோக்கல்' வேண்டாம். பிரிண்டர்களும் ஆப்பிள் கருவிகளும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் முறைக்கு அது 2013-லேயே போய்விட்டது, இரண்டும் மோதும். நம் உதாரணத்துக்கு 'ஆபீஸ்.இன்டர்னல்' என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சர்வருக்கு 192.168.10.2, இரண்டாவதற்கு 192.168.10.3. இரண்டும் நிலையான முகவரிகள். டிஎச்சிபி வழங்கும் எண்வரிசைக்கு வெளியே இவை இருப்பதை உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வந்த ஒரு கைபேசிக்கு ஒருநாள் ரூட்டர் இதே எண்ணைக் கொடுத்துவிடும்.

## இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் இணையதளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கக் கிடைக்காமல் போயின. அவர்களிடம் நான்கு டிஎன்எஸ் சர்வர்கள் இருந்தன. நான்கும் ஒரே வலைப்பகுதியில் இருந்தன. ஒரு ரூட்டரில் செய்த அமைப்பு மாற்றம் நான்கையும் சேர்த்து மறைத்துவிட்டது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் நின்றதற்கும் இதே சாயல் உண்டு. டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அவற்றுக்குப் போகும் வழிதான் மொத்தமாக மறைந்துவிட்டது.

ஒரு சின்ன அலுவலகத்தில் இதன் பொருள்: ஒரே கணினியில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாக ஓட்டுவது பேக்கப் ஆகாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டையும் செருகுவதும் அப்படித்தான். முதலாவது சர்வர் அறையில் ஒரு யுபிஎஸ்-சில் இருந்தால், இரண்டாவது கணக்குப் பிரிவில் வேறு யுபிஎஸ்-சில், வேறு ஸ்விட்சில் இருக்கட்டும். மின்வெட்டு நேரத்தில் எந்த யுபிஎஸ் முதலில் ஓயும் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து தள்ளி வையுங்கள்.

## படி 1: முதல் சர்வர்

டெபியன் அல்லது உபுண்டு நிறுவி, 'பைண்ட்9' தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமைப்புக் கோப்புகள் 'எட்சி' அடைவுக்குள் 'பைண்ட்' என்ற அடைவில் இருக்கும். தொடவேண்டியவை இரண்டு: பொதுவான விருப்பங்களுக்கான 'ஆப்ஷன்ஸ்' கோப்பு, நம் ஜோன்களுக்கான 'லோக்கல்' கோப்பு.

ஆப்ஷன்ஸ் கோப்பில் முக்கியமானது யார் கேட்கலாம் என்ற வரி. 192.168.10.0/24 வலையிலிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டும் ரிகர்ஷன், அதாவது வெளிப்பெயர்களையும் தேடித் தரும் வேலைக்கு, அனுமதி கொடுங்கள். உலகத்துக்கே பதில் சொல்லும் சர்வரை வெளியார் பிறர்மீது தாக்குதல் நடத்தப் பயன்படுத்திக்கொள்வார்கள். வெளிப்பெயர்களுக்கு ஃபார்வர்டர்களாக இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் முகவரிகளைக் கொடுக்கலாம்.

அடுத்து ஜோன் கோப்பு. அதன் தலையில் எஸ்ஓஏ பதிவு, அதில் ஐந்து எண்கள். பேக்கப்பின் உயிர் இந்த ஐந்தில்தான் இருக்கிறது.

முதல் எண் சீரியல். 2026021001 என்று எழுதினால் 2026 பிப்ரவரி 10 அன்று செய்த முதல் மாற்றம் என்று பொருள். அதே நாளில் இன்னொரு மாற்றம் செய்தால் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி 2026021002. இரண்டாவது சர்வர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மாற்றம் வந்திருக்கிறதா என்று முடிவு செய்கிறது. ஜோனில் புதிய பிரிண்டரைச் சேர்த்துவிட்டு எண்ணை ஏற்ற மறந்தால், எண் ஏறும்வரை இரண்டாவது சர்வருக்கு அந்த பிரிண்டர் தெரியாது. இரண்டும் வேறு வேறு பதில் சொல்ல இதுவே முதல் காரணம்.

இரண்டாவது ரெஃப்ரெஷ்: எத்தனை நொடிக்கு ஒருமுறை இரண்டாவது சர்வர் வந்து பார்க்க வேண்டும். 3600, அதாவது ஒரு மணி நேரம் போதும். மூன்றாவது ரீட்ரை, 600. நான்காவது எக்ஸ்பயர். இதை மட்டும் குறைத்து வைக்காதீர்கள். முதல் சர்வரைத் தொடர்ந்து இத்தனை நொடி எட்ட முடியாவிட்டால், தன்னிடம் உள்ள நகல் காலாவதியாகிவிட்டது என்று இரண்டாவது சர்வர் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். ஒரு நாள் என்று வைத்தால், பொங்கலுக்கு முதல்நாள் மாலை முதல் சர்வரின் டிஸ்க் போகும். விடுமுறை முடிந்து வரும்போது இரண்டும் ஊமையாக நிற்கும். 2419200 என்று வையுங்கள், அது 28 நாள். ஐந்தாவது எண் 'இல்லை' என்ற பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது. 300 போதும்.

எஸ்ஓஏவுக்குக் கீழே இரண்டு சர்வர்களையும் என்எஸ் பதிவுகளாக எழுதுங்கள். ஜோனில் மாற்றம் வந்தவுடன் 'புதிது வந்திருக்கிறது' என்று பைண்ட் அறிவிப்பு அனுப்புவது என்எஸ் பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான். இரண்டாவதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டால், ரெஃப்ரெஷ் நேரம் வரை அது பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஏ பதிவு: டேலிக்கு 192.168.10.20, ஃபைல் சர்வருக்கு 192.168.10.21 என்று. முழுப்பெயர் எழுதும் இடங்களில் கடைசியில் ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளி விட்டுப்போனால் 'ஆபீஸ்.இன்டர்னல்' இரண்டு முறை ஒட்டிக்கொண்டு நிற்கும். முகவரியிலிருந்து பெயரைத் தேடும் தலைகீழ் ஜோனையும் இதே முறையில் எழுதிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் 'நேம்டு-செக்கான்ஃப்', 'நேம்டு-செக்ஜோன்' கட்டளைகளை ஓட்டிப் பாருங்கள். அவை குறை சொல்லாமல் விட்டால் மட்டும் சர்வரை ரீலோட் செய்யுங்கள்.

## படி 2: சாவி

ஜோனை முழுதாக நகலெடுத்துப் போகும் உரிமை இரண்டாவது சர்வருக்கு மட்டும் இருக்க வேண்டும். ஐபி முகவரியை வைத்து அனுமதிப்பதைவிட டிசிக் சாவி பாதுகாப்பானது. முதல் சர்வரில் 'டிசிக்-கீஜென்' கட்டளையைக் கொடுத்தால் ஒரு சாவித் துண்டு கிடைக்கும். அதை இரண்டு சர்வர்களின் அமைப்பிலும் அப்படியே சேருங்கள். பெயரும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் சர்வரில் ஜோனின் 'அலோ-டிரான்ஸ்ஃபர்' வரியில் இந்தச் சாவியைக் குறிப்பிடுங்கள். சாவிக் கோப்பை பைண்ட் பயனரைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டுங்கள்.

## படி 3: இரண்டாவது சர்வர்

இதிலும் பைண்ட், இதிலும் அதே ஆப்ஷன்ஸ். லோக்கல் கோப்பில் ஜோனின் வகை மட்டும் 'செகண்டரி', 'பிரைமரீஸ்' பட்டியலில் 192.168.10.2 முகவரியும் சாவியின் பெயரும். பழைய குறிப்புகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அவை இதே பொருளில் முன்பு வழங்கிய சொற்கள்.

நகல் வந்து விழும் கோப்பின் இடத்தைக் கவனியுங்கள். முதல் சர்வரில் செய்ததுபோலவே 'எட்சி'யின் கீழ் உள்ள பைண்ட் அடைவைக் காட்டினால், அங்கே எழுத விடாமல் ஆப்ஆர்மர் பாதுகாப்பு தடுத்துவிடும். 'வார்', அதற்குள் 'கேஷ்', அதற்குள் 'பைண்ட்' என்ற அடைவைக் காட்டுங்கள். கூடவே 'மாஸ்டர்ஃபைல்-ஃபார்மட்' வரியில் 'டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். சொல்லாவிட்டால் நகல் மனிதர் படிக்க முடியாத பைனரி வடிவில் சேமிக்கப்படும். நெருக்கடி நேரத்தில் அதைத் திறந்து திருத்த முடியாது.

சர்வரைத் தொடங்கி 'ஜர்னல்சிடிஎல்' பதிவைப் பாருங்கள். 'டிரான்ஸ்ஃபர்டு சீரியல் 2026021001' என்ற வரி வந்தால் நகல் வந்துவிட்டது. 'ரெஃப்யூஸ்டு' என்றால் சாவியிலோ அனுமதி வரியிலோ பிழை. 'பெர்மிஷன் டினைடு' என்றால் மேலே சொன்ன அடைவு விஷயம். வெறுமனே காத்திருந்து நின்றுபோனால் ஃபயர்வாலைப் பாருங்கள். டிஎன்எஸ் கேள்விகள் பெரும்பாலும் 53-ஆம் போர்ட்டில் யுடிபி வழியே போகும், ஜோன் நகல் போவதோ டிசிபி வழியே. யுடிபியை மட்டும் திறந்துவைத்தால் கேள்விகளுக்கெல்லாம் பதில் வரும், நகல் மட்டும் வராது.

## கடிகாரத்தை மறக்காதீர்கள்

டிசிக் சாவி நேரத்தோடு கட்டப்பட்டது. இரண்டு சர்வர்களின் கடிகாரங்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் சாவி சரியாக இருந்தும் நகல் மறுக்கப்படும். மினி பிசியின் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தாலோ, பேட்டரி இல்லாத ராஸ்பெரி பையைப் பயன்படுத்தினாலோ, இரவு நீண்ட மின்வெட்டுக்குப் பின் கடிகாரம் மணிக்கணக்கில் பின்தங்கி எழும்.

இங்கே ஒரு சுழல் மாட்டிக்கொள்ளும். சரியான நேரத்தை இணையத்திலிருந்து வாங்க என்டிபி சர்வரின் பெயர் வேண்டும், பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். அந்த டிஎன்எஸ் சர்வர் இதே கணினிதான். கடிகாரம் அதிகம் பிசகியிருந்தால் டிஎன்எஸ்செக் கையொப்பச் சரிபார்ப்பும் தோற்று, வெளிப்பெயர்கள் எதுவும் கிடைக்காது. தப்பிக்க எளிய வழி: இரண்டு சர்வர்களிலும் என்டிபி அமைப்பில் குறைந்தது ஒரு நேர சர்வரை ஐபி எண்ணாகவே கொடுங்கள். உங்கள் ரூட்டரே நேரம் வழங்கக்கூடியது என்றால் அதன் உள்முகவரியே போதும்.

## படி 4: கணினிகளுக்குச் சொல்வது

டிஎச்சிபி அமைப்பில் டிஎன்எஸ் முகவரிகளாக 192.168.10.2, 192.168.10.3 இரண்டை மட்டும் கொடுங்கள். மூன்றாவதாக 8.8.8.8 சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

நிலையான முகவரி கொடுத்த கருவிகளை டிஎச்சிபி தொடாது. பிரிண்டர், கேமரா பெட்டி, வருகைப் பதிவுக் கருவி ஒவ்வொன்றின் அமைப்புப் பக்கத்திலும் போய்க் கையால் மாற்றுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் பிரிண்டர்தான் பேக்கப் வேலை செய்யாத நாளில் முதலில் சத்தம் போடும்.

ஐபிவி6 இன்னொரு கதவு. இணையச் சேவை நிறுவனம் தந்த ரூட்டர், ஐபிவி6 வழியாகத் தன்னையோ நிறுவனத்தின் சர்வரையோ டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் ஆல்' கொடுத்து, டிஎன்எஸ் சர்வர்கள் பட்டியலில் நீங்கள் கொடுத்த இரண்டைத் தவிர வேறு முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரூட்டரில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள். விருந்தினர் வைஃபைக்கு மட்டும் பொது டிஎன்எஸ் கொடுக்கலாம், அவர்களுக்கு உள்பெயர்கள் தெரியவேண்டிய அவசியமில்லை.

## படி 5: அணைத்துப் பாருங்கள்

அணைத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். எல்லாரும் வீட்டுக்குப் போனபின் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் 'டிக்' கட்டளையால் இரண்டு சர்வர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: டேலியின் முகவரி என்ன, ஜோனின் எஸ்ஓஏ என்ன, ஏதாவது ஒரு வெளித்தளத்தின் முகவரி என்ன. சீரியல் எண் இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும்.

அடுத்து முதல் சர்வரில் நேம்டு சேவையை நிறுத்துங்கள். ஒரு விண்டோஸ் கணினியில் 'ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ்' கொடுத்துவிட்டு டேலியைத் திறங்கள். உடனே திறக்கும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். சேவை மட்டும் நின்றால், 'இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை' என்று முதல் சர்வர் கணினியே உடனே திருப்பிச் சொல்லிவிடும், கேட்டவரும் சட்டென்று அடுத்ததற்குப் போவார். நிஜத்தில் சர்வர் அப்படிச் சாவதில்லை. மின்சாரம் போய்விடும், கேபிள் கழன்றுவிடும். அப்போது மறுப்புச் சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை.

ஆகவே சேவையை மறுபடி தொடங்கிவிட்டு, இந்தமுறை முதல் சர்வரின் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். லினக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு பெயருக்கும் சில நொடித் தயக்கம் தெரியும். ஒரு சர்வருக்காக ஐந்து நொடி வரை காத்திருப்பது அவற்றின் இயல்பு. 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பின் ஆப்ஷன்ஸ் வரியில் டைம்அவுட் 1 என்று குறைத்தால் தயக்கம் வெகுவாகக் குறையும். பிறகு இணையக் கேபிளையும் உருவிப் பாருங்கள். உள்பெயர்கள் அப்போதும் கிடைக்க வேண்டும்.

கடைசியாக முதல் சர்வரின் பவரையே பிடுங்கி, சில நிமிடம் கழித்துக் கொடுங்கள். யாரும் கைவைக்காமல் சேவை தானாக எழுகிறதா, நேரம் சரியாகிறதா, சீரியல் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

## படி 6: செத்தது தெரிய வேண்டும்

நல்ல பேக்கப்பில் ஒரு ஆபத்து உண்டு. முதல் சர்வர் செத்தால் யாருக்கும் தெரியாது, வேலை நடந்துகொண்டே இருக்கும். எக்ஸ்பயர் நாள் வரும்வரை ஒற்றைச் சர்வரில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே மூன்றாவது கணினி ஒன்றில், இரண்டு சர்வர்களின் சீரியல் எண்ணையும் கால் மணிக்கு ஒருமுறை கேட்டு ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்டை கிரானில் போடுங்கள். பதில் வராவிட்டாலோ எண்கள் நீண்ட நேரம் வேறுபட்டாலோ பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி போகட்டும். அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு டிஎன்எஸ்சும் விழுந்தாலும் அது வேலை செய்யுமா என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

## முதல் சர்வர் திரும்பி வராவிட்டால்

ஜோன் கோப்புகளும் சாவியும் சேர்ந்த நகல் ஒன்று இரண்டு சர்வர்களுக்கும் வெளியே எப்போதும் இருக்க வேண்டும். முதல் சர்வர் நிரந்தரமாகப் போய்விட்டது என்று தெரிந்தால், இரண்டாவதில் டெக்ஸ்ட் வடிவில் இருக்கும் நகலைப் பைண்ட் அடைவுக்கு எடுத்துவந்து, ஜோனின் வகையை 'பிரைமரி' என்று மாற்றி, எஸ்ஓஏவில் முதல் சர்வர் பெயரைத் திருத்தி, சீரியலை ஏற்றி, ரீலோட் செய்யுங்கள். இனி மாற்றங்களை இங்கேயே செய்யலாம். புதிய கணினி வந்ததும் அதற்கு 192.168.10.2 முகவரியைக் கொடுத்து, இந்தமுறை அதைச் செகண்டரியாக நிறுவுங்கள். எந்த மேசையிலும் எதையும் மாற்றவேண்டியதில்லை.

பழைய சர்வர் பழுது நீங்கித் திரும்பி வந்தால், வலையில் இணைக்கும் முன்பே அதன் அமைப்பைச் செகண்டரியாக மாற்றிவிடுங்கள். பழைய ஜோனோடு பிரைமரியாகவே எழுந்தால் இரண்டு பிரைமரிகள் ஒரே வலையில் இரண்டு விதமாகப் பதில் சொல்லத் தொடங்கும், அதில் எது சரி என்று கணினிகளுக்குத் தெரியாது.